கடிகாரத்தில் விழுந்த மொய்

அத்தியாயம் 17

போன வாரம் யும்னாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நாம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அவள் இன்னும் எழவில்லை.

வியாழக்கிழமை காலையில் உட்கார்ந்தவள். இன்று சனிக்கிழமை. ரோவல் ரோட்டில் பதினோராம் மாடி வீடு, அவளுடைய சின்ன அறை. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கணினித் திரையில் வெயில் கிடையாது. அங்கே எந்நேரமும் விடியற்காலைதான். வெளிர்நீலக் கடல், ஒரு பாய்மரப் படகு, எட்டாத தூரத்தில் ஒரு தீவு.

அந்த விளையாட்டில் சண்டை இல்லை, சுடுவது இல்லை. படகு ஓட்டலாம், மீன் பிடிக்கலாம், கரையில் இறங்கிக் கிளிஞ்சல் பொறுக்கலாம். யும்னா ஓட்டுவாள், ஓட்டிக்கொண்டே தமிழில் ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். திரையின் மூலையில் ஒரு சின்னச் சதுரத்துக்குள் முக்காடு போட்ட அவள் முகம் தெரியும். அதை உலகத்தின் எங்கெங்கோ இருந்து ஆயிரத்துச் சொச்சம் பேர் நேரலையில் பார்ப்பார்கள்.

இதற்கெல்லாமா காசு கொடுப்பார்கள் என்று கேட்பவர்களில் முதல் ஆள் அவளுடைய அத்தா அப்துல் ஹமீது. டன்லப் ஸ்திரீட்டில் முப்பத்தோரு வருஷமாகத் துணிக்கடை நடத்துகிறவர். சரக்கைக் கையில் கொடுத்தால் காசு வரும், அவருக்குத் தெரிந்த வியாபாரம் அவ்வளவுதான். அதனால்தான் சம்பந்தியாகப் போகிற ஹஸீனா உட்லண்ட்ஸிலிருந்து போன் செய்து, "பொண்ணு என்ன வேலை பார்க்குது?" என்று கேட்டபோது, "வேலை ஒண்ணும் இல்லம்மா, வீட்டுல சும்மாதான் இருக்கா" என்று மனுஷர் சொல்லிவிட்டார். பக்கத்து அறையில் யும்னாவின் காதில் விழுந்தது. அவள் அழவில்லை. ஆனால் வலித்தது, நன்றாகவே வலித்தது.

அவள் சும்மாவா இருக்கிறாள்? மாதச் சந்தா ஆறு வெள்ளி, அதாவது ஆறு டாலர். நேரலைத் தளம் பாதியை எடுத்துக்கொண்டு மீதியைத் தரும். நடுவில் விளம்பரம் ஓடினால் கொஞ்சம் சில்லறை. மனசு இளகியவர்கள் அன்பளிப்பு போடுவார்கள். மூன்று வருஷத்தில் நானூற்று முப்பது சந்தாதாரர்களைச் சேர்த்திருந்தாள். ஐந்நூறு பேராகி அவர்கள் மாதா மாதம் நிலைத்தால் அது ஒரு சின்ன ஆபீஸ் சம்பளம். அத்தாவின் கண் முன்னால் நீட்டலாம். அதற்காகத்தான் இந்தக் கடிகாரப் பந்தயம்.

பந்தயத்தின் விதி எளிது. திரையில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடும். யாராவது ஐந்து வெள்ளி போட்டால் கடிகாரத்தில் ஐந்து நிமிஷம் கூடும். பூஜ்யம் வரும்வரை நாற்காலி பத்து நிமிஷத்துக்கு மேல் காலியாக இருக்காது என்று அவள் சேனலின் நெற்றியிலேயே எழுதி வைத்திருந்தாள். அந்தப் பத்து நிமிஷம் தொழுகைக்கும் குளியலறைக்கும். தூக்கம் நாற்காலியிலேயே. அப்போது படகு நங்கூரம் போட்டு நிற்கும், பார்ப்பவர்களில் சிலரும் கூடவே தூங்குவார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தாள். அது சனிக்கிழமைக்கு வந்துவிட்டது. பரவாயில்லை. காலை பத்தரைக்குக் கடிகாரம் மூன்று மணி பத்து நிமிஷம் காட்டியது. ஒன்றே முக்காலுக்குள் எழுந்து, குளித்து, ஒரு தூக்கம் போட்டாலும் ஐந்து மணிக்குத் தயாராகிவிடலாம்.

ஐந்து மணிக்கு ஹஸீனா வீட்டுப் பெண்கள் யும்னாவுக்குப் பூ வைக்க வருகிறார்கள்.

"சந்தா எத்தனை லாத்தா?" என்று பூன் லேயிலிருந்து முத்தையா எழுதினான். அவளை அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடுகிற, கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிற பையன். லீவு நாளில் தங்குமிடத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்ப்பவன்.

"நானூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு. இன்னும் ஒம்பது பேர் லா" என்றாள் யும்னா. குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது. மூன்று நாளாகத் தூக்கம் துண்டு துண்டாகத்தான். கண்ணை மூடித் திறப்பதற்குள் படகு சிராங்கூன் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பூக்கடைகள், தண்ணீரில் மல்லிகை மிதக்கிறது. பஸ் நிறுத்தத்தில் உம்மா நின்றுகொண்டு, ஏறிக்கொள்கிறேன், நிறுத்து என்று கை காட்டுகிறாள். யும்னா சிரித்துக்கொண்டே விழித்தாள். திரையில் மணி அடித்தது.

பூன் லே அஃப்னா சாச்சி, நூற்றியொரு வெள்ளி. "நிச்சயத்துக்கு வாழ்த்துகள் கண்ணு."

யும்னாவுக்கு ஒரு நொடி புரியவில்லை. உம்மாவின் தங்கை அஃப்னா சாச்சி இந்தப் பக்கமே வந்ததில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். நூறு நிமிஷம் ஏறியிருந்தது.

மறுபடியும் மணி. செங்காங் நாச்சியா மாமி, ஐம்பத்தியொரு வெள்ளி. அப்புறம் ஹுசைன் பெரியத்தா, இருநூற்றியொன்று. கவரில் வைத்துக் கொடுக்கும்போது ஒரு வெள்ளி கூட வைப்போமே, அதை யாரும் மறக்கவில்லை.

நடந்தது இதுதான். அஃப்னா சாச்சி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யும்னாவின் சேனலைப் போட்டு, 'நம்ம புள்ள இதுலதான் சம்பாதிக்குது, கவரை இங்கேயே போடுங்க, பேரும் திரையில வருது' என்று எழுதிவிட்டாள். பேர் திரையில் வருகிறது என்றதும் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? விதியை ஒருவரும் படிக்கவில்லை. மொய்க்கு எதற்கு விதி?

பதினொன்றரைக்குக் கடிகாரம் எட்டு மணி நேரம் காட்டியது.

கதவைத் திறந்துகொண்டு உம்மா ருக்கையா வந்தாள். கையில் கறிபாப் பலகாரத்துக்குப் பிசைந்த மாவு. முகமெல்லாம் சிரிப்பு. "பார்த்தியா யும்னா, எல்லாரும் போட்டுட்டாங்க. ஹுசைன் மச்சான் இருநூத்தி ஒண்ணு போட்டிருக்காரு. அவரு மகன் கல்யாணத்துக்கு நம்ம நூத்தி ஒண்ணுதானே வெச்சோம்."

யும்னா மைக்கை அணைத்தாள். "உம்மா, இந்தக் கடிகாரம் முடிஞ்சாத்தான் நான் எழுந்திரிக்க முடியும். அஞ்சு வெள்ளிக்கு அஞ்சு நிமிஷம். இப்ப முடியணும்னா ஏழரை மணி ஆகும்."

உம்மாவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. "அஞ்சு மணிக்கு அவங்க வந்துடுவாங்களே."

"அதைத்தான் சொல்றேன்."

"நீயே அதைக் குறைச்சு வெச்சுக்கோ. உன் கடிகாரம்தானே?"

"குறைக்கலாம். பார்க்குறவங்க எதிர்ல குறைக்கணும். போன வருஷம் ஒருத்தர் அப்படித்தான் நடுவுல நிறுத்தினாரு. அடுத்த மாசம் பாதிப் பேர் சந்தாவை எடுத்துட்டாங்க. அதோட அவரு சேனலே போச்சு. இதுல வாக்குத்தான் உம்மா முதல்."

"அப்ப காசைத் திருப்பிக் குடுத்துடு."

"மொய்யைத் திருப்பிக் குடுப்பீங்களா?"

அப்படிச் செய்தால் ஏழு தலைமுறைக்குப் பேச்சு வரும். உம்மா மாவுக் கையோடு போனை எடுத்தாள். "இரு, இனிமே யாரும் போட வேணாம்னு எழுதிடுறேன்."

எழுதினாள். 'அன்புள்ள சொந்தங்களே, தயவுசெய்து யாரும் எதுவும் போட வேண்டாம். உங்கள் துஆ மட்டும் போதும்.'

ஐயோ, இதைவிடப் பெரிய தப்பு வேறு இருக்க முடியுமா? பெண்ணைப் பெற்றவள் வேண்டாம் என்று சொன்னால் நம் ஆட்கள் அதை என்னவென்று எடுத்துக்கொள்வார்கள்? ருக்கையாவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று எடுத்துக்கொள்வார்கள். அதுவரை போடாமல் இருந்தவர்களுக்கு ரோஷம் வந்தது. வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு நாம் என்ன அந்நியமா? அடுத்த ஒரு மணி நேரத்தில் ஐம்பத்தியொன்று நான்கு வந்தது, நூற்றியொன்று இரண்டு வந்தது. ஜொகூரிலிருந்து ஒரு தூரத்து மாமா, 'ருக்கையா வேணாம்னா நாங்க விட்டுடுவோமா' என்றே எழுதியிருந்தார்.

முத்தையாவும் மற்றவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புது ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். சந்தா ஐந்நூறைத் தாண்டி ஐந்நூற்று முப்பதுக்குப் போனது. யும்னா மூன்று வருஷமாக ஏங்கிய எண் அது. அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. பன்னிரண்டரைக்குக் கடிகாரம் பதின்மூன்று மணி நாற்பது நிமிஷம் காட்டியது.

அதற்குப் பிறகு மத்தியானம் அவள் மேல் நழுவிப் போனது. லுஹர் தொழுதுவிட்டு எட்டாவது நிமிஷம் நாற்காலிக்கு வந்தாள். உம்மா இரண்டு வாய் சோறு ஊட்டினாள். கடலில் மழை பெய்தது. மழை இங்கேயா அங்கேயா என்று சந்தேகம் வந்து ஜன்னலைப் பார்த்தாள். இங்கே வெயில்தான். கீழேயிருந்து ஊதுவத்தி வாசனையும் பஸ் சத்தமும் வந்தன. படகில் யாரோ ஏறி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ரய்யானாக இருக்குமோ என்று நினைத்தாள். இரண்டு தடவை பார்த்து, நான்கு தடவை போனில் பேசிய பையன். நல்ல குரல். பூ வைக்கிற நாளில் மாப்பிள்ளை வரக்கூடாது என்பதால் அவன் இன்று உட்லண்ட்ஸில் இருக்கிறான். இங்கே நடக்கிற கூத்து அவனுக்குத் தெரியுமோ என்னவோ.

ஐந்து மணிக்குக் கதவு மணி அடித்தது. கடிகாரம் ஒன்பது மணி பத்து நிமிஷம்.

கூடத்தில் சலாம் சொல்லும் குரல்கள், வளையல் சத்தம். பிறகு உம்மாவின் தயங்கிய குரல் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. 'ஒரு ப்ரோகிராம்... எழுந்திரிக்க முடியாது... தப்பா எடுத்துக்காதீங்க...' யும்னா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுந்து ஓடலாமா? ஐந்நூற்று முப்பது பேர். அவர்களுக்கு எழுதிக் கொடுத்த வரி. அந்தப் பக்கம் பூவோடு வந்து நிற்கிற மனிதர்கள். இரண்டு பக்கமும் அவளுக்கு வேண்டும். ஒன்றைக்கூட விட முடியாது என்று நினைக்கும்போதே கண் கலங்கியது.

கதவு திறந்தது. ஹஸீனா தனியாக உள்ளே வந்தாள். உயரமான, கறுப்பான, கண்ணாடி போட்ட அம்மாள். உட்லண்ட்ஸில் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் இருபது வருஷம் சாப்பாட்டுக் கடை போட்டவள். கணவர் இறந்தபிறகு இரண்டு பிள்ளைகளையும் அந்தக் கடையில்தான் வளர்த்தாள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். யும்னா மைக்கை அணைத்தாள்.

"மன்னிச்சுக்குங்க மாமி."

"இரு, இரு. இவங்கள்லாம் எதுக்குக் காசு குடுக்குறாங்க? நீ படகு ஓட்டுறதைப் பார்க்கவா?"

"படகு ஒரு சாக்கு மாமி." யும்னாவுக்கு அழகாகச் சொல்லத் தெம்பில்லை. மனசில் இருந்ததைச் சொன்னாள். "இதோ, கவிப்ரியான்னு பேர் வருதே, அவங்க துபாய்ல நர்ஸ். டியூட்டி முடிஞ்சு ரூமுக்குப் போனா பேச ஆள் இல்லை. சமைக்கும்போது என்னை ஓட விட்டுட்டு சமைப்பாங்க. வீட்டுல யாரோ இருக்குற மாதிரி இருக்குமாம். அதுக்குத்தான் குடுக்குறாங்க."

"ரய்யான் நைட் ஷிஃப்ட் போயிட்டா நானும் ரேடியோவை அணைக்கிறதில்லை" என்றாள் ஹஸீனா. பிறகு கண்ணாடியைச் சரி செய்துகொண்டாள். "நீ என்னன்னு வாக்குக் குடுத்தே? அப்படியே சொல்லு, வார்த்தைக்கு வார்த்தை."

"பூஜ்யம் வர்ற வரைக்கும் நாற்காலி பத்து நிமிஷத்துக்கு மேல காலியா இருக்காதுன்னு."

"நாற்காலி காலியா இருக்காதுன்னுதானே சொன்னே? நீதான் உக்காருவேன்னு சொல்லலையே?"

யும்னா சேனலின் நெற்றியில் எழுதியிருந்த வரியை மறுபடி படித்தாள்.

"ஸ்டால்ல நான் தொழப் போனா பக்கத்து ஸ்டால்காரி என் அடுப்பைப் பார்த்துக்குவா. அவ போனா நான் பார்த்துக்குவேன். கடை மூடினதாவா அர்த்தம்? அவங்ககிட்டயே கேளு."

யும்னா மைக்கைத் திறந்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். வெளியே பூவோடு வந்து நிற்கிறார்கள், ஒரு மணி நேரம் வேறு ஒருவர் நாற்காலியில் உட்காருவார், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டாள். திரையில் எழுத்துகள் கொட்டின. 'போய்ட்டு வா லாத்தா.' 'பூ வெச்சுட்டு வந்து காட்டணும்.' மறுத்து ஒருவரும் எழுதவில்லை. 'யார் உக்காரப் போறாங்க?' என்று முத்தையா மட்டும் கேட்டான்.

அதுதான் கேள்வி. பூ வைக்கிறது பெண்கள் காரியம். உம்மா இல்லாமல் நடக்காது. சாச்சி, மாமி எல்லாரும் சபையில் இருக்க வேண்டியவர்கள். ஹஸீனா கதவைத் திறந்து கூடத்தை ஒரு பார்வை பார்த்தாள். வெள்ளைத் தொப்பியும் சலவைச் சட்டையுமாக, எங்கே நிற்பது என்று தெரியாமல் அப்துல் ஹமீது சுவரோரம் நின்றார்.

"அண்ணன் சும்மாதானே நிக்கிறாங்க?" என்றாள்.

அத்தா உள்ளே வந்தார். நாற்காலியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். யும்னா கட்டுப்பாட்டுக் கருவியை அவர் கையில் வைத்து, "இதை முன்னால தள்ளினா படகு போகும். பேசிக்கிட்டே இருங்க, போதும்" என்றாள்.

"என்ன பேசுறது?"

"கடையில பேசுவீங்கல்ல அத்தா, அப்படி."

அவள் கதவைச் சாத்தும்போது திரையின் சின்னச் சதுரத்தில் அத்தாவின் முகம் வந்துவிட்டது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வாங்க, வாங்க" என்றார்.

கூடத்தில் துஆ ஓதினார்கள். பச்சைப் புடவையை மேலே போர்த்தினார்கள். ஹஸீனா யும்னாவின் தலையில் மல்லிகையை வைத்தாள். மூன்று நாள் களைப்பில் அந்த வாசனை நேராகத் தலைக்குள் ஏறியது. எல்லாரும் தண்ணீருக்கு அடியில் பேசுவது போல இருந்தது. இனிப்பை வாயில் வைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். சந்தோஷமாக இருந்தது, அழுகையும் வந்தது. கதவின் அந்தப் பக்கம் அத்தாவின் குரல் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

பூவைச் சரி செய்கிற சாக்கில் ஹஸீனா அவள் காதருகே குனிந்தாள்.

"ஒண்ணு கேக்குறேன், இப்பவே பதில் வேணாம். எங்க வீட்டுல ரெண்டே ரூம். ஒண்ணு உங்க ரெண்டு பேருக்கு. இன்னொண்ணுல நானும் சின்னவனும். அந்த நாற்காலியும் மேசையும் எங்க வரும்? இங்கேயே விட்டுட்டு வருவியா, இல்ல அது இருக்குற இடத்துல ரய்யான் வந்து இருக்கணுமா?"

அதட்டலாகக் கேட்கவில்லை. இடம் எவ்வளவு என்று அளந்து பார்க்கிற குரலில் கேட்டாள். அதனாலேயே யும்னாவால் ஒப்புக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

"யோசிச்சு வை. நாளைக்குப் போன் பண்றேன்" என்று கன்னத்தைத் தட்டினாள்.

ஆறேகாலுக்கு யும்னா பூவும் புடவையுமாக அறைக்குள் வந்தாள். படகு ஒரு தீவைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. கடிகாரம் எட்டுக்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும். பன்னிரண்டு மணி முப்பத்தைந்து நிமிஷம் காட்டியது.

"அத்தா, என்ன பண்ணீங்க?"

அவர் கையால் மைக்கை மூடினார். அதற்குள் அதெல்லாம் பழகியிருந்தது. "ஒண்ணும் இல்ல. முத்தையான்னு ஒரு தம்பி, அஞ்சு வெள்ளிக்கு அஞ்சு நிமிஷம்தானா, கொசுறு கிடையாதான்னு கேட்டான். வந்த ஆளை வெறுங்கையோட அனுப்ப முடியுமா? இருபது வெள்ளிக்கு மேல போட்டா அரை மணி கொசுறுன்னேன். பதினாலு பேர் போட்டாங்க. அந்தக் கொசுறு இன்னும் ஏறலை போலிருக்கே."

கொசுறைக் கடிகாரம் எப்படி அறியும்? அதை அவள்தான் கையால் ஏற்ற வேண்டும். அத்தா அவள் பேரில் கொடுத்த வாக்கு. யும்னா பல்லைக் கடித்துக்கொண்டு ஏழு மணி நேரத்தைக் கூட்டினாள். பத்தொன்பது மணி முப்பத்தைந்து நிமிஷம்.

"நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் போகும். நாளைக்கு ஞாயிறு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை டன்லப் ஸ்திரீட்டில் கால் வைக்க இடமிருக்காது. வாரத்தின் பாதி வியாபாரம் அன்றைக்குத்தான். முப்பத்தோரு வருஷத்தில் அந்தக் கடை ஞாயிற்றுக்கிழமை மூடியதில்லை. யும்னா பிறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக்கூட அவர் சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார் என்று உம்மா இன்றுவரை குத்திக் காட்டுவாள்.

"நாளைக்குக் கடை லீவு" என்றார் அத்தா, படகிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொசுறு சொன்னது நான். நான் உக்காந்துக்கிறேன். நீ போய்ப் படு."

யும்னா சதுரத்துக்கு வெளியே, கட்டிலில் சாய்ந்தாள். புடவை சரசரத்தது. அத்தா மைக்கிலிருந்து கையை எடுத்தார். "ஆங், என்ன கேட்டீங்க? நான் யாரா? யும்னாவோட அத்தா. இது என் மகளோட கடை தம்பி. அவளுக்கு இன்னைக்கு விசேஷம், நான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

அலைச் சத்தம் கேட்டது. கண் தானாகச் செருகியது. கடலின் மேல் மல்லிகை மிதந்தது. படகு உட்லண்ட்ஸ் பக்கமாகத் திரும்பியது. மேசையும் நாற்காலியும் படகில் ஏறியிருந்தன. அவற்றை வைத்தபிறகு ரய்யானுக்கு உட்கார இடமில்லை.

திடுக்கிட்டு விழித்தாள். ஹஸீனா மாமி கேட்டதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும், இப்போதே. அத்தாவிடம் சொன்னால் வழி பிறக்கும். முதல்முறையாக அப்படித் தோன்றியது.

"அத்தா" என்றாள்.

"சொல்லும்மா" என்று அவர் திரும்பினார். மைக் திறந்திருந்தது. ஆயிரத்து நானூறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெயர்களின் வரிசையில், இந்த மூன்று நாளில் அவள் பார்த்திராத ஒரு பெயர் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது.

ரய்யான்.

யும்னா வாயை மூடிக்கொண்டாள்.